பிட் பிசகா ஒலி: ஒரு திறனாய்வு

பிட் பிசகா ஒலி என்பது, ஓர் ஒலிக்கோப்பில் உள்ள எண்கள் ஒன்றுகூட மாறாமல் கணினியைக் கடந்து, அவற்றை மின்னலையாக மாற்றும் கருவியைச் சென்றடைவதைக் குறிக்கும். ‘பிட்-பெர்ஃபெக்ட்’ என்று பரவலாக வழங்கும் இச்சொல், இசை கேட்கும் மென்பொருள்களின் அமைப்புப் பக்கங்களிலும் ஒலிக்கருவி விளம்பரங்களிலும் இன்று சாதாரணமாகக் காணக்கிடைக்கிறது. சொல்லின் பின்பாதியே இதில் சிக்கல். ‘பெர்ஃபெக்ட்’ என்றதும் ஒலியே குறையற்றது என்று வாசிப்பவர் எடுத்துக்கொள்கிறார். ஏட்டுச்சுவடியைப் படியெடுப்பவர் எழுத்துப் பிசகாமல் எழுதினார் என்றால், மூல ஏட்டில் இருந்த பிழையும் பிசகாமல் படியில் இருக்கும். பிட் பிசகாமையும் அத்தகையதே. அது படியெடுப்பின் நேர்மையைச் சொல்கிறது. பாடத்தின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் மாணவர்கள் இருவிதமாக இழக்கிறார்கள். இலவசமாகச் செய்யக்கூடிய ஒரு மாற்றத்துக்குப் பணம் செலவிடுகிறார்கள்; உண்மையில் ஒலியைக் கெடுக்கும் இடங்களைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். சோதித்து உறுதி செய்யக்கூடியது என்பதே இக்கோட்பாட்டின் பெருமை. ஒலியின் தரத்துக்கு அதையே தீர்ப்பாகப் பயன்படுத்தும்போது அது பொய்த்துப்போகிறது. சில இடங்களில் அதை விடாப்பிடியாகப் பின்பற்றினால் ஒலி மோசமாகவும் ஆகும்.

எண்கள் மாறும் இடங்கள்

குறுந்தகட்டுத் தரம் உள்ள கோப்பில், இடது வலது தடங்கள் ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு 44,100 எண்கள் உள்ளன. இவற்றுக்கு மாதிரிகள் என்று பெயர். ஒவ்வொரு மாதிரியும் 16 பிட் நீளம்; அதாவது 65,536 படிகளில் ஏதேனும் ஒன்று. பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 14,11,200 பிட்டுகள். இன்றைய கணினிக்கு இது ஒரு சுமையே அல்ல. இதே கோப்பை ஒரு வட்டிலிருந்து இன்னொரு வட்டுக்குப் படியெடுத்தால் ஒரு பிட்டும் மாறுவதில்லை. அப்படியிருக்க, ஒலிக்கவிடும்போது மட்டும் ஏன் மாறவேண்டும்?

கணினி இசைக்காக மட்டும் இருப்பதன்று என்பதே விடை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது மின்னஞ்சல் வந்ததற்கான மணி ஒலிக்கவேண்டும். உலாவியில் ஒரு காணொளியும் பேசவேண்டும். ஒலி வெளியேறும் வாயில் ஒன்றுதான். ஆகவே இயங்குதளம் எல்லா ஒலிகளையும் ஒரு கலவைப் பகுதியில் சேர்த்து, ஒரே மாதிரி வீதத்துக்குக் கொண்டுவந்து, கூட்டி அனுப்புகிறது. அந்தக் கூட்டலுக்கு முன் நடக்கும் வீத மாற்றமே எண்கள் மாறுவதற்கு முதற்காரணம்.

உலகில் இரண்டு மாதிரி வீதங்கள் அருகருகே வாழ நேர்ந்தது ஒரு வரலாற்று விபத்து. முற்கால எண்ணிம ஒலிப்பதிவு, ஒளிநாடாக் கருவிகளில் சேமிக்கப்பட்டது. தொலைக்காட்சிப் படத்தின் ஒவ்வொரு கோட்டிலும் மூன்று மாதிரிகள் வைக்கப்பட்டன. நொடிக்கு 60 புலங்கள் உள்ள முறையில் 245 கோடுகளும், 50 புலங்கள் உள்ள முறையில் 294 கோடுகளும் பயன்பட்டன. இரண்டையும் பெருக்கினால் ஒரே விடை வரும்: 44,100. சோனியும் பிலிப்சும் வகுத்து 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு இந்த எண்ணையே ஏற்றது. தொழில்முறை ஒலிப்பதிவும் காணொளியும் 48,000ஐப் பற்றிக்கொண்டன. இன்டெல் 1997இல் வெளியிட்ட ஏசி’97 என்னும் ஒலிச்சில்லுத் தரநிலையும் 48,000ஐயே அடிப்படையாகக் கொண்டது. 1998இல் வந்து வீடுதோறும் பரவிய சவுண்ட் பிளாஸ்டர் லைவ் அட்டையின் சில்லு, எந்த வீதத்தில் ஒலி வந்தாலும் அதை 48,000க்கு மாற்றியே கையாண்டது. பிட் பிசகாமை என்னும் கவலை பிறந்ததும் வளர்ந்ததும் இக்காலத்தில்தான்.

44,100க்கும் 48,000க்கும் உள்ள விகிதம் 147க்கு 160. புதிய மாதிரிகள் 160இல் ஒன்றுதான் பழைய மாதிரி ஒன்றின் நேரத்தோடு ஒத்துப்போகும். மற்ற 159உம் சுற்றியுள்ள எண்களிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுபவை. இக்கணக்கை நன்றாகவும் செய்யலாம், அரைகுறையாகவும் செய்யலாம். பழைய அட்டைகளும் பழைய இயங்குதளங்களும் கணக்கிடும் வேலையைக் குறைக்க எண்ணி அரைகுறையாகச் செய்தன. மூலத்தில் இல்லாத சுரங்கள் அதனால் புகுந்தன. இன்றைய நல்ல வீதமாற்றி புகுத்தும் பிழை, 16 பிட் கோப்பின் சொந்த இரைச்சலுக்கும் கீழே இருக்கும். எனவே 2000ஆம் ஆண்டளவில் முழுக்க நியாயமாயிருந்த ஒரு குற்றச்சாட்டு, இன்றும் அதே வேகத்தோடு சொல்லப்படும்போது சற்று மிகையாகிவிடுகிறது.

ஒலிமட்டத் திருகி இரண்டாவது இடம். திரையில் உள்ள அந்தச் சிறிய பட்டையை இழுப்பது ஒவ்வொரு மாதிரியையும் ஒரு பின்னத்தால் பெருக்குவதாகும். பாதியாகக் குறைத்தால் 1000 என்பது 500 ஆகும். 1001 என்பது 500.5 ஆகும். 16 பிட்டில் பின்னத்துக்கு இடமில்லை. 500 என்றோ 501 என்றோ எழுதவேண்டும். மூலத்தில் அது ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்னும் செய்தி அத்துடன் போயிற்று. ஒவ்வொரு 6 டெசிபெல் குறைப்புக்கும் இவ்வாறு ஒரு பிட் இழக்கப்படும். 30 டெசிபெல் குறைத்து 16 பிட்டாகவே அனுப்பினால் மிஞ்சுவது 11 பிட் அளவே. ஆனால் அனுப்பும் பாதை 24 பிட் அகலம் உடையதானால் கதை வேறு. கீழே எட்டுப் பிட்டுகள் காலியாக உள்ளன. ஏறத்தாழ 48 டெசிபெல் வரை குறைத்தாலும் மூலத்தின் கடைசிப் பிட்டு விளிம்பைத் தாண்டி விழுந்துவிடுவதில்லை. எண்கள் மாறிவிட்டன என்பது உண்மை. இசை இழக்கப்படவில்லை என்பதும் உண்மை. பிட் பிசகாமை என்னும் அளவுகோலால் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது.

மூன்றாவதாக, கணினி உற்பத்தியாளர்கள் சேர்த்துத்தரும் ‘ஒலி மேம்பாட்டு’ மென்பொருள்கள். கீழ்ச்சுர ஊக்கம், மெய்நிகர் சுற்றொலி, பேச்சுத் தெளிவு என்று பல பெயர்களில் இவை மடிக்கணினிகளில் முன்கூட்டியே இயக்கப்பட்டிருக்கும். வீதமாற்றத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக வாதிடுபவர் பலர் இந்தப் பொத்தானைப் பார்ப்பதேயில்லை. காதுக்கு உடனே தெரியும் மாற்றத்தைச் செய்வது பெரும்பாலும் இதுவே.

இயங்குதளங்கள்

விண்டோஸ் எக்ஸ்பி காலம் வரை கலவை வேலையைக் ‘கேமிக்ஸர்’ என்னும் பகுதி செய்தது. அதைத் தாண்டிச் செல்ல, ஸ்டைன்பெர்க் நிறுவனம் ஒலிப்பதிவுக் கூடங்களுக்காக 1997இல் உருவாக்கிய ஆசியோ வழியை இசை கேட்போர் கடன் வாங்கினர். 2007இல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் ஒலி அமைப்பு புதிதாக எழுதப்பட்டது. வாசாப்பி என்பது அதன் பெயர். அதில் இரண்டு முறைகள் உண்டு. பகிர்வு முறையில் எல்லா ஒலிகளும் 32 பிட் மிதவை எண்களாகக் கலக்கப்பட்டு, பயனர் அமைப்பில் தேர்ந்த ஒரே வீதத்தில் வெளியேறும். கூட்டுத்தொகை எல்லை மீறாதிருக்க உச்சத்தை அடக்கும் பகுதி ஒன்றும் உண்டு. தனியுரிமை முறையில் ஒரு மென்பொருள் ஒலிக்கருவியை முழுதாகத் தன்வசம் எடுத்துக்கொள்ளும். அப்போது மின்னஞ்சல் மணி ஒலிக்காது. ஃபூபார்2000 போன்ற இலவச மென்பொருள்களில் இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

மேக் கணினியில் கருவியின் வீதத்தை ‘ஆடியோ மிடி செட்டப்’ என்னும் செயலியில் அமைக்கலாம். கோப்புக்குத் தக்கபடி அதைத் தானாக மாற்றுவது இசை மென்பொருளைப் பொறுத்தது. லினக்சில் நிலைமை வெளிப்படையானது. அல்சா அமைப்பில் வன்பொருளை நேரடியாகக் குறிக்கும் பெயரைக் கொடுத்தால் இடையில் எவரும் தலையிடமாட்டார்கள். கருவி ஏற்காத வீதமானால் பிழைச்செய்தி வரும், ஒலி வராது. பல்ஸ் ஆடியோ, பைப்வயர் வழியாகச் சென்றால் கலவை நடக்கும். ஆண்ட்ராய்டில் நெடுங்காலம் எல்லாம் ஒரே வீதத்துக்கு மாற்றப்பட்டுவந்தன. 2023இல் வந்த 14ஆம் பதிப்பு, யூஎஸ்பி வழி இணைக்கும் கருவிகளுக்குப் பிட் பிசகாத பாதையை இயங்குதளத்திலேயே அனுமதித்தது.

இவ்வளவும் கம்பி வழி கேட்போருக்கே பொருந்தும். புளூடூத் செவிபேசிக்கு ஒலி செல்லுமுன் எஸ்பிசி, ஏஏசி போன்ற இழப்புச் சுருக்கம் ஒன்றின் வழியாகச் செல்வதே பொதுவழக்கம். புளூடூத் செவிபேசி அணிந்துகொண்டு தனியுரிமை முறையை இயக்குவது, ஓட்டைக் குடத்தை மூடி போட்டு வைப்பது போன்றது.

சோதித்தறிதல்

ஒலியுலகின் பெரும்பாலான கூற்றுகளை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ‘வெதுவெதுப்பான ஒலி’, ‘திரை விலகியது போன்ற தெளிவு’ போன்ற தொடர்களோடு எவரும் வாதிட இயலாது. பிட் பிசகாமை அப்படியன்று. உண்டு அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் விடை தருவது அது. இந்த ஒரு காரணத்துக்காகவே மாணவர்கள் இதைக் கற்கவேண்டும்.

எளிய சோதனை டிடிஎஸ் குறுந்தகட்டுக் கோப்பு. அதில் சுற்றொலித் தரவு, சாதாரண 44,100 வீத 16 பிட் ஒலி போல வேடமிட்டு அடைக்கப்பட்டிருக்கும். அதைக் கணினியிலிருந்து ஒளியிழை வழியாக டிடிஎஸ் வாசிக்கத் தெரிந்த ஒலிபெருக்கிக் கருவிக்கு அனுப்பினால், எண்கள் மாறாத வரை இசை கேட்கும். ஒலிமட்டத்தை ஒரே ஒரு படி குறைத்தாலும் வீதம் மாறினாலும் இசை மறைந்து இரைச்சலோ மௌனமோ மிஞ்சும். டிடிஎஸ் வாசிக்காத கருவியில் இது முழு வலிமையுள்ள இரைச்சலாகவே வெளிவரும் என்பதால் ஒலிமட்டத்தை வெகுவாகக் குறைத்தே முயலவேண்டும். செவிபேசி அணிந்து ஒருபோதும் முயலக்கூடாது.

இன்னும் முறையான வழி, வெளியேறும் எண்ணிம ஒலியை மறுபடியும் உள்வாங்கிப் பதிவுசெய்து, மூலக் கோப்போடு நேரத்தைப் பொருத்திக் கழித்துப் பார்ப்பது. எல்லா இடத்திலும் பூச்சியம் வந்தால் ஐயமில்லை. லினக்சில் ஒலிக்கும்போதே ‘புரோக்’ கோப்பகத்தின் கீழ் உள்ள ‘எச்டபிள்யூ பாராம்ஸ்’ என்னும் கோப்பைத் திறந்தால், அந்தக் கணத்தில் வன்பொருள் ஏற்றிருக்கும் வீதமும் பிட் அமைப்பும் தெரியும். டிஏசி கருவிகளின் முகப்பில் தெரியும் எண்ணை மட்டும் நம்புவது போதாது. 44.1 என்று அது காட்டுவது வீதத்தைத்தான். வழியில் ஒலிமட்டம் குறைக்கப்பட்டதா என்பதை அது அறியாது.

இங்கே ஒரு விந்தை நிகழ்கிறது. தங்கள் மென்பொருள் பிட் பிசகாதது என்று அறிவிக்கும் சில விற்பனையாளர்கள், அடுத்த வரியிலேயே அது மற்றப் பிட் பிசகா மென்பொருள்களைவிட இனிமையாக ஒலிக்கும் என்கிறார்கள். இரண்டு மென்பொருள்களும் ஒரே எண்களை ஒரே கருவிக்கு அனுப்புகின்றன என்றால், வேறுபாடு எங்கிருந்து வரும்? எண்கள் வந்துசேரும் நேரத்தின் தடுமாற்றத்தைக் காரணம் காட்டுவார்கள். பழைய யூஎஸ்பி கருவிகளில் கணினியின் தாளத்தைப் பின்பற்றியே கடிகாரம் ஓடியது. அன்று இவ்வாதத்துக்கு இடமிருந்தது. இன்று பரவலாக உள்ள ஒத்தியங்கா முறையில் டிஏசிக்குள்ளேயே கடிகாரம் இருக்கிறது. எவ்வளவு வேகமாக அனுப்பவேண்டும் என்று கருவியே கணினிக்குச் சொல்கிறது. வந்த எண்கள் ஒரு சிறு நினைவகத்தில் காத்திருந்து அந்தக் கடிகாரத்தின்படி வெளியேறுகின்றன. கம்பி வழியே மின்னிரைச்சல் கசியலாம் என்பது உண்மை. அது கருவியின் வெளிமுனையில் அளந்து காட்டக்கூடிய ஒன்று. அளவு காட்டாமல் இனிமையை மட்டும் விற்பவர், பிட் பிசகாமை தந்த சோதனை ஒழுக்கத்தையே கைவிட்டவராகிறார்.

யூஎஸ்பி பற்றி ஒரு துணைக்குறிப்பு. ஒலிக்கான யூஎஸ்பி அனுப்பலில், கோப்பு படியெடுப்பதைப் போலத் தவறிய பொட்டலத்தை மறுபடி கேட்டுப் பெறும் ஏற்பாடு இல்லை. தவறினால் தவறியதுதான், அது ‘டிக்’ என்ற வெடிப்பாகவோ நொடிப்பொழுது மௌனமாகவோ காதில் விழும். கெட்ட கம்பி ‘மங்கலான’ ஒலியைத் தருவதில்லை. அறுந்த ஒலியைத் தருகிறது.

வட்டிலிருந்து படியெடுத்தல்

ஒலிக்கவிடும் வழியைப் பற்றி இத்தனை கவலைப்படுவோர், கோப்பு எப்படிப் பிறந்தது என்பதில் பெரும்பாலும் அக்கறை காட்டுவதில்லை. குறுந்தகட்டில் ஒரு பகுதி 2,352 பைட்டுகள் கொண்டது. தரவுக்கான வட்டில் அதில் 2,048 பைட்டுகளே பயனருக்குரியவை. மீதியில் பிழை திருத்தும் கூடுதல் குறிகள் உட்பட மேலாண்மைத் தகவல்கள் இருக்கும். ஒலி வட்டில் 2,352உம் ஒலியே. அடிப்படைப் பிழை திருத்தம் ஒன்று உண்டு. அதற்கும் மிஞ்சிய கீறலானால், இயக்கி பக்கத்து எண்களைக் கொண்டு ஊகித்து இட்டு நிரப்பிவிடும். கேட்பவருக்குத் தெரியாது, பிழைச்செய்தியும் வராது. இவ்வாறு ஊகத்தால் நிரம்பிய கோப்பைப் பிட் பிசகாமல் ஒலிக்கவிட்டு மகிழ்வதில் பொருளில்லை.

இதற்கு நல்ல தீர்வு ஆர்வலர்களிடமிருந்தே வந்தது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்னும் இலவச மென்பொருள், ஐயமுள்ள பகுதிகளைத் திரும்பத் திரும்ப வாசித்து ஒப்பிடுகிறது. அக்யூரேட்ரிப் என்னும் தரவுத்தளம், அதே வட்டை உலகின் வேறு மூலைகளில் படியெடுத்தவர்களுக்குக் கிடைத்த சரிபார்ப்பு எண்ணோடு நம் எண்ணை ஒத்துப்பார்க்கிறது. முன்பின் அறியாத பத்துப்பேர், வெவ்வேறு இயக்கிகளில், ஒரே விடையைப் பெற்றால் அது சரியான விடையாகத்தான் இருக்கும். பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடத்தை உறுதி செய்யும் பதிப்பாசிரியரின் முறைக்கு இது நெருங்கிய உறவு.

எல்லா எண்களும் சரியாயிருந்தும் ஒலி தவறாகும் ஒரு நிலையும் உண்டு. தொடக்ககாலக் குறுந்தகடுகள் சிலவற்றில் மேற்சுரங்கள் வேண்டுமென்றே உயர்த்திப் பதிவு செய்யப்பட்டன. 20 கிலோஹெர்ட்ஸில் இந்த உயர்வு ஏறத்தாழ 9.5 டெசிபெல். வட்டில் உள்ள ஒரு குறியைப் பார்த்து, ஒலிக்கும் கருவி அதைத் திருப்பித் தாழ்த்தவேண்டும். கணினியில் படியெடுக்கும்போது எண்கள் வந்துவிடும், குறி வராமற்போகலாம். சில வட்டுகளில் பொருளடக்கப் பகுதியில் குறி இருக்காது, தடத்தின் துணைக்குறியில் மட்டும் இருக்கும் என்பதால் கவனமானவர்களும் ஏமாறுவதுண்டு. அப்படிப்பட்ட கோப்பு எழுத்துக்கு எழுத்து மூலத்தோடு பொருந்தும்; ஒலியோ கூர்மையாகக் காதைக் குத்தும். அதைச் சரிசெய்ய எண்களை மாற்றியே ஆகவேண்டும்.

எம்க்யூஏ காட்டிய முரண்

பிட் பிசகாமையைத் தரத்தின் சான்றாக எடுத்துக்கொள்வதன் ஆபத்துக்கு எம்க்யூஏ ஒரு பாடநூல் எடுத்துக்காட்டு. 2014இல் அறிமுகமாகி, 2017இல் டைடல் என்னும் இசையோடைச் சேவையில் இடம்பிடித்த இவ்வடிவம், உயர் அதிர்வெண் தகவலைச் சுருக்கி 24 பிட் கோப்பின் கீழ்ப் பிட்டுகளுக்குள் மடித்து வைத்தது. அந்தப் பிட்டுகளில் முன்பு இருந்த ஒலி இதனால் இடம் இழந்தது. எனவே இது இழப்புள்ள முறையே. மடித்ததை டிஏசி விரிக்கவேண்டுமானால் வழியில் ஒரு பிட்டும் மாறக்கூடாது. ஒலிமட்டத்தைத் தொட்டாலே அடையாளம் கலைந்துவிடும்.

ஆகவே எம்க்யூஏ கேட்டவர்கள் தம் கணினியை மிகக் கவனமாகப் பிட் பிசகாமல் அமைத்தார்கள். கருவியில் சிறுவிளக்கு எரிந்தது. கோப்பு மெய்யானது என்று நம்பினார்கள். விளக்கு சொன்னது வேறு: அனுப்பியது அப்படியே வந்துசேர்ந்தது என்பதுதான். அனுப்பப்பட்டது ஒலிக்கூடத்தின் மூலப்பதிவா என்னும் கேள்விக்கு விளக்கால் விடை சொல்ல இயலாது. இழப்பு நேர்ந்த ஒரு பொருளை, இழப்பில்லாத பாதையில் ஏற்றி, பாதையின் நற்சான்றிதழைப் பொருளின் மேல் ஒட்டிய கதை இது. எம்க்யூஏ நிறுவனம் 2023 ஏப்ரலில் கடன்தீர்ப்பு நிர்வாகத்தின் கீழ் சென்றது. டைடல் 2024இல் அவ்வடிவத்தைக் கைவிட்டு ஃபிளாக் கோப்புகளுக்கு மாறியது.

பிசகுவதே நல்லதாகும் இடங்கள்

1990களிலிருந்து வெளியான பல இசைத்தொகுப்புகள், மற்றவற்றைவிட உரக்க ஒலிக்கவேண்டும் என்னும் போட்டியில், எண்களின் உச்சவரம்பை முட்டும்படி தயாரிக்கப்பட்டன. மெட்டாலிகா குழுவின் 2008ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘டெத் மேக்னெட்டிக்’ இதில் பெயர்பெற்றது. அதே பாடல்கள் ‘கிட்டார் ஹீரோ’ விளையாட்டில் உச்சம் நசுக்கப்படாமல் வெளிவந்ததை ரசிகர்கள் ஒப்பிட்டுக் காட்டினார்கள். அந்தக் குறுந்தகட்டைப் பிட் பிசகாமல் ஒலித்தால், வெட்டுப்பட்ட ஒவ்வோர் அலைமுகடும் வெட்டுப்பட்டபடியே வரும்.

இதில் மேலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மாதிரிகள் உச்சவரம்புக்குள் இருந்தாலும், அவற்றுக்கு இடையே ஓடும் அலை அதைத் தாண்டலாம். 44,100இல் நான்கிலொரு பங்கான 11,025 ஹெர்ட்ஸ் அலையை எடுத்துக்கொள்வோம். மாதிரிகள் முகட்டில் விழாமல் முகட்டின் இருபுறமும் சமதூரத்தில் விழுந்தால், அவை காட்டும் உயரம் உண்மை உயரத்தின் 0.707 பங்கே. அந்த எண்களை உச்சவரம்பு வரை உயர்த்திப் பதிந்தால், உண்மை முகடு வரம்பைவிட 3 டெசிபெல் மேலே நிற்கும். டிஏசியின் உள்ளே மேலே இடம் விட்டு வடிவமைக்காத கருவியில் அது வெட்டுப்படும். கணினியிலேயே ஒலியை 3 டெசிபெல் குறைத்து 24 பிட்டாக அனுப்பினால் வெட்டு நீங்கும். எல்லா எண்களும் மாறிவிட்டன. அலையோ மூலத்துக்கு நெருக்கமாகிவிட்டது. பிட் பிசகாமையும் ஒலியின் உண்மையும் எதிரெதிர்த் திசையில் செல்லும் இடம் இது.

2001இல் முன்வைக்கப்பட்ட ரீப்ளேகெயின் முறை, வெவ்வேறு பாடல்களின் உரப்பை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. அதுவும் எண்களை மாற்றும். அறையின் எதிரொலிக்கும் செவிபேசியின் இயல்புக்கும் ஏற்பச் சுரங்களைச் சமன்செய்யும் வடிகட்டிகளும் அப்படியே. ஒரு சாதாரண அறையில் கீழ்ச்சுரங்கள் இடத்துக்கு இடம் 10 டெசிபெல்லுக்கு மேலும் ஏறியிறங்குவது இயல்பு. அந்தப் பள்ளம்மேட்டைத் தொடாமல் விட்டுவிட்டு 16ஆவது பிட்டைக் காவல் காப்பவர், எதைப் பெரிதாக எண்ணவேண்டும் என்பதில் வழி தவறியவர்.

காது சொல்லும் சாட்சி

குறுந்தகட்டு வீதத்தைவிட உயர்ந்த பதிவுகளை மனிதர் பிரித்தறிய முடியுமா என்பது பல்லாண்டு விவாதம். மேயர், மோரன் ஆகிய இருவர் 2007இல் ஒலிப்பொறியியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்ட சோதனையில், உயர்தரப் பதிவின் ஒலியை 44,100 வீதமும் 16 பிட்டும் உள்ள ஒரு மாற்றி வழியாகச் செலுத்தி, கேட்பவர் அறிகிறாரா என்று பார்த்தார்கள். 554 முயற்சிகளில் 276 சரி. காசைச் சுண்டிப்போட்டதற்குச் சமம். அதே இதழில் 2016இல் ஜோஷுவா ரைஸ், 18 ஆய்வுகளின் 12,000க்கும் மேற்பட்ட முயற்சிகளைத் தொகுத்தார். சரியான விடைகள் 52.3 விழுக்காடு. ஐம்பதைவிட அதிகம் என்று புள்ளியியல் ஒப்புகிறது. எவ்வளவு சிறிய அதிகம் என்பதையும் அதே எண் காட்டுகிறது. பயிற்சி பெற்ற கேட்பவர்களிடம் இது சற்று உயர்ந்தது.

இவை பதிவின் தரம் பற்றிய சோதனைகள், கணினியின் பாதை பற்றியவை அல்ல. ஆயினும் ஓர் அளவுணர்வைத் தருகின்றன. பதிவின் தரத்தையே இறக்கும்போது தெரியும் வேறுபாடு இவ்வளவு நுண்ணியது என்றால், ஒரு நல்ல வீதமாற்றி செய்யும் மாற்றம் ‘பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு’ என்று எழுதுவதை நம்புவதற்கில்லை. அப்படி உணர்ந்ததாகச் சொல்பவர் பொய் சொல்கிறார் என்று கொள்ளவேண்டியதில்லை. முறை மாற்றும்போது ஒலிமட்டமும் அறியாமல் மாறியிருக்கும். அரை டெசிபெல் உயர்வைக் காது ‘உரப்பு’ என்று உணராது, ‘தெளிவு’ என்றே உணரும். ஃபூபார்2000இல் சேர்க்கக்கூடிய ஏபிஎக்ஸ் ஒப்பீட்டுக் கருவி, எது எதுவென்று மறைத்து இரண்டு கோப்புகளைக் கேட்கச் செய்கிறது. பள்ளி ஆய்வகத்தில் செலவின்றிச் செய்யத்தக்க நல்ல செய்முறை இது.

கோப்பின் கையொப்பம்

பிட் பிசகாமை தன் முழுத்தகுதியோடு நிற்கும் இடம் ஆவணக் காப்பு. ஒலிப்பதிவு ஒன்றைப் பல தலைமுறைகளுக்குப் பாதுகாப்பவர், இன்றைய படியும் இருபது ஆண்டுக்குப் பின் எடுக்கும் படியும் ஒன்றே என்று நிறுவக்கூடியவராக இருக்கவேண்டும். 2001இல் முதல் பதிப்பு வெளியான ஃபிளாக் வடிவம், சுருக்குவதற்கு முன் இருந்த ஒலியின் எம்டி5 கையொப்பத்தைத் தன் தலைப்பகுதியிலேயே பொதிந்து வைக்கும் ஏற்பாட்டைக் கொண்டது. எந்த நாளிலும் கோப்பை விரித்துக் கணக்கிட்டு, கையொப்பத்தோடு ஒத்துப்பார்க்கலாம். வட்டில் ஒரு பிட்டு அழுகியிருந்தாலும் தெரிந்துவிடும்.

அந்தக் கையொப்பத்துக்கும் எல்லை உண்டு. 128 கிலோபிட் எம்பி3 கோப்பு ஒன்றை விரித்து, அதை ஃபிளாக்காகச் சுருக்கினாலும் கையொப்பம் சரியாகவே பொருந்தும். பிட் பிசகாமல் ஒலிக்கவும் செய்யும். இணையத்தில் ‘இழப்பற்றது’ என்ற பெயருடன் உலவும் கோப்புகளில் இத்தகையவையும் உண்டு. கண்டறிய ஒரு வழி, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து நிறமாலைப் படத்தைப் பார்ப்பது. 16 கிலோஹெர்ட்ஸுக்கு அருகில் கத்தியால் நறுக்கியதுபோல் ஒலி முடிந்து, அதற்குமேல் வெறுமையாக இருந்தால், அந்தக் கோப்பு முன்பு எம்பி3யாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பழைய ஒலிநாடாப் பதிவுகளில் மேற்சுரங்கள் இயல்பாகவே குறைந்திருக்கும். அங்கே ஒலி படிப்படியாகத் தேய்ந்து மறையும். நறுக்கிய விளிம்பு தெரியாது.